2,950 ரூபாய்க் காந்தப் பலகையும் அப்பாவின் கொப்பியும்

போன வருட மார்கழியில் யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் மடிக்கிற காந்தச் செஸ் பலகை ஒன்று வாங்கினேன். 2,950 ரூபாய். நாலு மாதத்தில் அதே கடைக்குப் போய் அதே சாமானில் இன்னொன்றும் வாங்கினேன். "ரெண்டு பிள்ளையளோ அக்கா வீட்டில?" என்று கடைத் தம்பி கேட்டார். இரண்டும் எனக்குத்தான் என்றேன்.

பெட்டியில் செய்தவர் பெயர் இல்லை. நீல அட்டைப்பெட்டி, மேலே குதிரைத் தலைப் படம், மூலையில் சீனாவில் தயாரித்தது என்று ஒரு வரி, அவ்வளவுதான். பத்து மாதமாக நாள்தோறும் கையில் எடுக்கிற சாமான் என்பதால் அதன் நல்லது கெட்டது இரண்டும் இப்போது எனக்கு வடிவாகத் தெரியும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இதில் நான் ஒருவரோடும் ஆட்டம் ஆடுவதில்லை. எண்ட்கேம் ஸ்டடி போட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே பாவிக்கிறேன். எண்ட்கேம் என்பது காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம். ஸ்டடி என்பது யாரோ ஆடிய ஆட்டத்தில் தானாக வந்த நிலை அல்ல. ஒருவர் இருந்து யோசித்துக் கட்டிய நிலை. பலகையில் நாலோ ஐந்தோ ஏழோ காய் இருக்கும். கீழே 'வெள்ளை வெல்லும்' அல்லது 'வெள்ளை சமன் செய்யும்' என்று ஒரு வரி இருக்கும். இத்தனை நகர்த்தலுக்குள் என்று கணக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளைக்கு வழி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி ஒன்றை யாராவது கண்டுபிடித்துவிட்டால் அந்த ஸ்டடி பிழையாகிப்போனது, 'குக்' ஆகிவிட்டது என்பார்கள். ஒல்லாந்துக்காரர் ஹரால்ட் வான் டெர் ஹைடன் சேர்த்து வைத்திருக்கிற தொகுப்பில் இப்படி 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டடிகள் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை 41.

அந்த 41உம் அப்பாவின் கொப்பியில் இருப்பவை. அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். 1970களின் கடைசியில் கந்தோர் முடிந்த பின்னேரங்களில் பொது நூலகத்துக்குப் போய், அங்கே இருந்த ஆங்கிலச் செஸ் புத்தகங்களில் தனக்குப் பிடித்த நிலைகளை ஒரு சி.ஆர். கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, பென்சிலால் காய் போட்டு, கீழே வெல்லும், சமன் என்று ஒரு சொல். விடைகளை அவர் எழுதவில்லை. விடை புத்தகத்தில் இருக்கிறதுதானே, முட்டுப்பட்டால் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார். 1981 ஜூன் தொடக்கத்தில் நூலகம் எரிக்கப்பட்ட பிறகு அந்தப் புத்தகங்கள் இல்லை.

பிறகு 17 நிலைகளுக்கு அவரே விடை கண்டு கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தார். அவர் போன பிறகு கொப்பி என்னிடம் வந்தது. நான் இதுவரை 15 முடித்திருக்கிறேன். ஒன்பது மிச்சம்.

ஒரு பலகை ஸ்டடிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். 1992இல் எனக்குப் பன்னிரண்டு வயது. கரண்ட் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி போட்ட விளக்கின் வெளிச்சம் பலகையின் பாதிக்குத்தான் எட்டும். அப்பா நாலு காய் வைத்தார். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் இலக்கம் குறுக்கு வரிசையையும் காட்டும். வெள்ளை ராஜா பி6, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1 மூலையில், கறுப்புக் கோட்டை டி5இல். வெள்ளை வெல்ல வேண்டும்.

சிப்பாயை சி7க்குத் தள்ளினேன். கோட்டை டி6க்கு வந்து செக் வைத்தது. நான் ராஜா பி5, அவர் கோட்டை டி5. நான் பி4, அவர் டி4. நான் பி3, அவர் டி3. ராஜாவை சி2க்குக் கொண்டுபோனேன். இனிச் செக் இல்லை, சிப்பாய் ராணியாகப் போகிறது. அப்பா பேசாமல் கோட்டையை டி4இல் வைத்தார். நான் சந்தோஷமாக சி8இல் ராணி எடுத்தேன். அவர் கோட்டையை சி4க்குத் தள்ளிச் செக் என்றார். ராணியால் வெட்டினேன்.

"சரி பிள்ளை, இனி என்ர முறை. நான் எதை நகர்த்துறது?"

பார்த்தேன். மூலையில் நின்ற கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை, போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். அப்பா சிரித்துக்கொண்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். விடை சொல்லவில்லை. காய்கள் அந்த மேசையில் இரண்டு நாள் அப்படியே நின்றன. அம்மா மேசை துடைக்கும்போதுகூடப் பலகையைச் சுற்றித்தான் துடைத்தார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது விளங்கியது: ராணி வேண்டாம், கோட்டை எடுக்க வேண்டும். அதே சி4 செக்கைக் கோட்டையால் வெட்டினால் ஏ2 கறுப்பு ராஜாவுக்குத் திறந்திருக்கும், ஸ்டேல்மேட் வராது. ஏ8இல் மேட் வருகிறதே என்று கறுப்புக் கோட்டை ஏ4க்குப் போனால், வெள்ளை ராஜா பி3க்கு வரும். ஒரே நகர்த்தலில் கோட்டையையும் வெட்டப் பார்க்கிறது, சி1இல் மேட்டும் இருக்கிறது. இரண்டையும் கறுப்பால் தடுக்க முடியாது.

இதை 1895இல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றின் செஸ் பத்தியில் ஜோர்ஜ் பார்பியே என்பவர் சமநிலை என்றே போட்டிருந்தார். அந்த நகரில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் பெர்னாண்டோ சாவெத்ரா கோட்டை எடுக்கலாம் என்று கண்டுபிடித்து, இது வெள்ளைக்கு வெற்றி என்று காட்டினார். செஸ் உலகம் அவரை நினைவு வைத்திருப்பது அந்த ஒரு நகர்த்தலுக்காக.

இரண்டு நாள் அப்படியே நின்ற அந்தப் பலகைதான் என் அளவுகோல். ஸ்டடி ஒரு இருப்பில் முடிகிற வேலை அல்ல. நிலை உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சோறு வடிக்கும்போது, உடுப்பு மடிக்கும்போது ஒரு பார்வை, கடந்து போகும்போது ஒரு பார்வை. பலகை நிலையைக் காத்து வைத்திருக்க வேண்டும். அந்த மரச் செட் 1995 ஐப்பசி இடப்பெயர்வில் வீட்டோடு நின்றுவிட்டது. கொப்பி மட்டும் அப்பாவின் சேட்டுக்குள் சாவகச்சேரி வரை வந்தது. அங்கே பள்ளிக்கூட விறாந்தையில் கடதாசியில் கட்டம் கீறி, சோடா மூடிகளில் எழுத்துப் போட்டு வைத்து விளையாடினோம். யாராவது பாயை இழுத்தாலே எல்லாம் கலைந்துவிடும். திரும்பி வந்தபோது செட் இல்லை.

போன் இருக்கிறதே, பலகை எதற்கு என்று கேட்பார்கள். போனில் நான் பாவிப்பது லிசெஸ் என்கிற செஸ் அப். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை, அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதில் எஞ்சின் பொத்தான் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவது நகர்த்தலில் முட்டுப்பட்டு நிற்கும்போது அதைத் தொடாமல் இருப்பது பெரும்பாடு. தொட்டால் ஒரு செக்கனில் விடை வந்துவிடும். பிறகு அந்த நிலையை நீங்கள் தீர்க்கவே முடியாது, அது போனது போனதுதான். அப்பாவின் கொப்பியில் ஒன்பதுதான் மிச்சம் என்கிறபோது ஒன்றைக்கூட அப்படி வீணாக்க எனக்கு மனம் இல்லை.

சரி, சாமானுக்கு வருகிறேன். திறந்தால் 25 சென்ரிமீற்றர் சதுரம். ஒரு கட்டம் 2.8 சென்ரிமீற்றர், ராஜாவின் உயரம் நாலரை. பிளாஸ்ரிக் மேற்பரப்புக்குக் கீழே மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. காயின் அடியில் வட்டமாக ஒரு காந்தம், அதன் மேல் பச்சைத் துணி ஒட்டியிருக்கிறது. நாலு ஓரத்திலும் எழுத்தும் இலக்கமும் அச்சிட்டிருக்கிறது. இதைச் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். கொப்பியிலிருந்து நிலையைப் பார்த்து வைக்கும்போது ஒரு சிப்பாய் ஒரு கட்டம் மாறி நின்றால் ஸ்டடி செத்துவிடும். அதே கடையில் 1,800 ரூபாய்க்கு இருந்த இன்னொரு பலகையில் ஓர எழுத்து இல்லை. மலிவென்று அதை வாங்கியிருந்தால் ஒவ்வொரு தடவையும் விரல் வைத்து எண்ணிக்கொண்டு இருந்திருப்பேன்.

காந்தத்தின் பிடி அளவானது. நான் கோப்பாயில் 750ஆம் இலக்க பஸ் ஏறி நெல்லியடிக்கு வேலைக்குப் போகிறவள். இருக்கை கிடைக்கிற நாளில் கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் பலகையை விரித்துவிடுவேன். பலகை வாங்கிய அடுத்த நாளே ரெட்டி என்ற செஸ் வீரரின் 1921ஆம் ஆண்டு ஸ்டடியை வைத்துக்கொண்டு போனேன். விடை தெரிந்த நிலைதான், பலகையைச் சோதிக்கத்தானே. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை சமன் செய்ய வேண்டும்.

இதைத் தெரியாதவர்கள் ஒருக்கால் வைத்துப் பாருங்கள். கறுப்புச் சிப்பாய் ஓடுகிறது, வெள்ளை ராஜா அதைப் பிடிக்க இரண்டு நகர்த்தல் பிந்திவிட்டது. வெள்ளையின் சொந்தச் சிப்பாயோ கறுப்பு ராஜாவின் கைக்குள் நிற்கிறது. இரண்டு பக்கமும் கைவிட்ட நிலை. ராஜா ஜி7க்கு வருகிறது, சிப்பாய் எச்4. ராஜா எஃப்6, மூலைவாட்டில். இப்போது கறுப்பு ராஜா பி6க்கு வந்து சிப்பாயை வெட்டப் பார்க்கிறது. வெள்ளை ராஜா இ5. கறுப்பு சி6இல் வெட்டினால் ராஜா எஃப்4க்கு இறங்கிச் சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் சிப்பாயை எச்3க்குத் தள்ளினால் ராஜா டி6க்குப் போய்த் தன் சிப்பாயைக் காப்பாற்றும். இரண்டு பேருமே ராணி எடுப்பார்கள், சமன்.

இதில் இருக்கிற கணக்கு எனக்கு அலுப்பதே இல்லை. எச்8இலிருந்து எச்2க்கு ராஜா நேரே இறங்கினால் ஆறு நகர்த்தல். ஜி7, எஃப்6, இ5, எஃப்4, ஜி3, எச்2 என்று பலகையின் நடு வரை வந்து திரும்பிப் போனாலும் அதே ஆறுதான். பள்ளிக்கூடத்து முக்கோணத்தில் வளைந்து போகிற வழி நீளம். செஸ் பலகையில் அப்படி இல்லை. நேர்வழிக்குச் செலவாகிற அதே நேரத்தில் ராஜா இன்னொரு வேலையையும் முடித்துக்கொண்டு வருகிறது.

நீர்வேலிப் பள்ளங்களில் பஸ் குலுங்கியபோது காய்கள் அசையவில்லை. வல்லை வெளிதான் உண்மையான சோதனை. இரண்டு பக்கமும் மரம் மட்டை இல்லாத வெளி, யன்னல் திறந்திருந்தால் காற்று முகத்தில் அறையும். பக்கத்தில் இருந்த அம்மாவின் சேலைத் தலைப்பு பலகையின் மேல் வந்து விழுந்து, இழுபட்டுப் போனது. நாலு காயும் நின்ற இடத்தில் நின்றன. அதே நேரம் பிடி அளவுக்கு மிஞ்சியும் இல்லை. இரண்டு விரலால் தூக்கினால் வருகிறது, தூக்கும்போது பக்கத்துக் காயையும் இழுத்துக்கொண்டு வருவதில்லை.

பஸ்ஸுக்கு ஒரு குறை உண்டு. பலகையை மடித்தால் அதுவே காய்ப்பெட்டி. திறந்துவிட்டால் உள்பக்கம் கீழே போய்விடும், மிச்சக் காய்களை வைக்க இடம் இல்லை. முழு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இது பிரச்சினை அல்ல, 32 காயும் பலகையில்தான் நிற்கும். ஸ்டடிக்கோ நாலு காய் பலகையில், 28 காய் வெளியில். கூடவே ஒரு பை தந்திருக்கலாம். நான் சின்னத் தகர ரின் ஒன்றில் போட்டுக்கொண்டு போகிறேன். காந்தம் ரின்னின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் கிலுகிலுவென்ற சத்தமும் இல்லை. ராணியையும் கோட்டையையும் குதிரையையும் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் பலகையின் ஓரத்திலேயே ஒட்டி வைப்பேன். சாவெத்ராவின் கோட்டையைப் பார்த்த பிறகு சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போனால் ராணி மட்டும்தான் என்று நினைக்க எனக்குத் தைரியம் வராது.

மடிப்பு நாலாம் ஐந்தாம் வரிசைகளுக்கு நடுவில் வருகிறது. பலகை மட்டமாக இருந்தால் தெரியாது. மடியில் வைத்தால் நடுவில் மெல்லியதாகப் பள்ளம் விழும், இ4, இ5 போன்ற கட்டங்களில் நிற்கிற ராஜா கொஞ்சம் சாய்ந்து நிற்கும். விழாது. ஆனால் ரெட்டியின் அந்த இ5 நகர்த்தலை வைக்கும்போது ராஜா தலை சாய்த்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அடியில் ஒரு கொப்பி மட்டையை வைத்தால் சரியாகிவிடுகிறது.

மேற்பரப்பின் மினுமினுப்பு இதைவிடப் பெரிய குறை. ரியூப் லைற்றுக்குக் கீழே இருந்தால் பலகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழும், அந்தக் கோட்டுக்குள் நிற்கிற வெள்ளைச் சிப்பாய் கண்ணுக்குத் தப்பிவிடும். மந்திரியும் சிப்பாயும் வேறு கிட்டத்தட்ட ஒரே உருவம். மந்திரியின் தலையில் இருக்கிற வெட்டு ஆழம் இல்லை. ஒரு இரவு முழுக்க ஒரு கறுப்பு மந்திரியைச் சிப்பாய் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்டேன். அடுத்த நாள் மகளின் சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து நாலு மந்திரிக்கும் தலையில் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை.

இரண்டாவது பலகை ஏன் என்பதற்கு இப்போது வருகிறேன். செஸ் புதிர்கள் தீர்ப்பதற்கென்றே வருடந்தோறும் உலகப் போட்டி நடக்கிறது. ஆறு சுற்றில் ஒன்று எண்ட்கேம் ஸ்டடிக்கானது: 100 நிமிடத்தில் மூன்று ஸ்டடி. கொம்பியூட்டர் கூடாது, பலகையும் காயும் வைத்துக்கொள்ளலாம். ஒரு போயா நாளில் அதே மாதிரி நானும் இருந்து பார்த்தேன். கொப்பியில் மூன்று நிலை, மேசையில் மணிக்கூடு. 100 நிமிடத்தில் ஒன்றரைதான் முடிந்தது. யோசித்ததைவிட, நகர்த்திய காய்களைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்ததில்தான் கூட நேரம் போனது. பத்து நகர்த்தல் போய்ப் பிழை என்று தெரிந்தால், ஆரம்பத்தில் எந்தச் சிப்பாய் எங்கே நின்றது என்று கொப்பியைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். ஒரு தடவை பிழையாக வைத்துவிட்டு, இல்லாத நிலை ஒன்றை அரை மணித்தியாலம் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பலகை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒன்றில் ஆரம்ப நிலை. அதைத் தொடுவதே இல்லை. மற்றதில் நகர்த்திப் பார்ப்பது. கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் எங்கே தொடங்கினோம் என்று தெரியும். இப்படி இருக்கத் தொடங்கிய பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். ஆரம்ப நிலையைத்தான் நான் கூடநேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஸ்டடியில் ஒரு காயும் சும்மா நிற்பதில்லை. மூலையில் ஒரு கறுப்புச் சிப்பாய் வேலை இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தால், கட்டியவர் அதை எதற்கு அங்கே வைத்தார் என்று கேட்க வேண்டும். பல நேரம் விடையின் வால் அங்கேதான் இருக்கும். ரஷ்ய ஸ்டடிக்காரர் ட்ரொய்ட்ஸ்கி ஆராய்ந்த இரண்டு குதிரைக் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். தனி ராஜாவை இரண்டு குதிரையால் கட்டாயப்படுத்தி மேட் பண்ண முடியாது, நெருங்கினால் ஸ்டேல்மேட் வந்துவிடும். கறுப்பிடம் ஒரு சிப்பாய் மிச்சம் இருந்து, அது கனதூரம் இறங்கிவிடாமல் மறிபட்டு நின்றால் மேட் பண்ணலாம். கறுப்புக்கு நகர்த்த ஒன்று இருப்பதால் ஸ்டேல்மேட் இல்லை. எதிரியின் சிப்பாயே அவரைக் கவிழ்க்கிறது. ட்ரொய்ட்ஸ்கி 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் இறந்தார். அவர் கையால் கணக்குப் பார்த்துக் கீறிய எல்லைக்கோட்டைப் பிறகு கொம்பியூட்டர்கள் சரி என்று காட்டின.

கொம்பியூட்டரை நான் ஒதுக்குவதில்லை, கடைசியில் பாவிக்கிறேன். பலகையில் மொத்தம் ஏழு காய்க்குள் இருந்தால் ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா சமனா என்று முடிந்த முடிவாகச் சொல்கிற டேபிள்பேஸ் இருக்கிறது. லிசெஸில் சும்மாவே பார்க்கலாம். என் விடையைக் கொப்பியில் எழுதி முடித்த பிறகே அதைத் திறப்பேன். ஒரு தடவை மட்டும் எழுதாமலே திறக்க வேண்டி வந்தது. 23ஆம் நிலை, ஆறு காய், கீழே 'வெள்ளை வெல்லும்'. மூன்று கிழமை இரண்டு பலகையிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தேன், எந்த வழியில் போனாலும் கறுப்பு தப்பியது. டேபிள்பேஸில் போட்டால் சமன் என்றது. அப்பா பிழையாகப் பார்த்து எழுதியிருக்கிறார்.

கொப்பியை ரோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் கடதாசி கொஞ்சம் மயிர் எழும்பி இருந்தது, றப்பரால் அழித்த தடம். முதலில் அங்கே போட்டுவிட்டு, பிறகு பிழை என்று நினைத்து மாற்றியிருக்கிறார். முதல் போட்டதுதான் சரி. ராஜாவை அங்கே வைத்தேன். இந்தத் தடவை பலகையிலேயே தீர்த்தேன், ஆறு நாள் எடுத்தது. டேபிள்பேஸில் ஒப்பிட்டுப் பார்த்தபோது வெள்ளையின் ஒவ்வொரு முறையிலும் வெல்கிற நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான் காட்டியது, மற்றதெல்லாம் சமன். அதைப் பார்த்ததும் இது யாரோ கட்டிய உண்மையான ஸ்டடிதான் என்று நம்பிவிட்டேன். தற்செயலாக ஒரு காயைத் தள்ளி வைத்தால் அப்படி ஒற்றை நூலாக வராது.

இரண்டாவது செட்டில் ஒரு பிழை இருந்தது, அதையும் எழுத வேண்டும். ஒரு வெள்ளைச் சிப்பாயின் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். எல்லாக் காந்தமும் ஒரே பக்கம் பார்த்து இருந்தால் பக்கத்தில் நிற்கிற காய்கள் ஒன்றையொன்று மெல்லத் தள்ளும், அதனால் தனித்தனியாக நிற்கும். இந்தச் சிப்பாயோ பக்கத்தில் வருகிற காயை இழுத்தது. ராஜாவை அதற்கு அடுத்த கட்டத்தில் வைத்தால் இரண்டும் டிக் என்று ஒட்டிக்கொண்டு கோட்டின் மேல் நிற்கும். ராஜா தன் சிப்பாயோடு கூட நடப்பதுதான் பாதி எண்ட்கேம் என்கிறபோது இது சின்னப் பிழை அல்ல.

கொண்டுபோய்க் காட்டினேன். கடைத் தம்பி முதலில் நம்பவில்லை. "இது இரும்பில ஒட்டுதுதானே அக்கா, பிறகென்ன?" என்றார். அந்தச் சிப்பாயை ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவருக்கே விளங்கிவிட்டது. மேசையில் இன்னொரு பெட்டியைப் பிரித்து ஒரு சிப்பாயை எடுத்துத் தந்தார். பிறகு அந்தப் பெட்டியில் இருந்த மற்றச் சிப்பாய்களையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துச் சோதிக்கத் தொடங்கினார். காசு கேட்கவில்லை, பற்றுச்சீட்டும் கேட்கவில்லை.

ஒரு குதிரையின் காந்தம் ஆறாம் மாதத்தில் கழன்றது, சுப்பர் குளூ ஒட்டினேன், நிற்கிறது. பச்சைத் துணி இரண்டு காயில் ஓரம் எழும்பியிருக்கிறது. கீலுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இந்த விலைக்கு இவ்வளவு உழைத்தது எனக்குத் திருப்தி. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்த மினுமினுப்புக்கும் மந்திரிக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். ஓர எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வெள்ளை ராஜாவை ஒரு கட்டத்தில் வைத்து, 16 சிப்பாயையும் ஒவ்வொன்றாக அதற்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இழுக்கிறது ஏதும் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஸ்டடி போடுகிறவர் என்றால், காசு இருந்தால் இரண்டாக வாங்குங்கள்.

என் முதல் பலகை இப்போது சாமி அறைக்குப் பக்கத்து அலுமாரியின் மேல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நிறுத்தி வைத்தாலும் காய் விழாது என்பதை மூன்றாம் மாதத்தில்தான் கண்டேன். அதில் கொப்பியின் 33ஆம் நிலை இருக்கிறது. வெள்ளைக்கு ஒரு மந்திரியும் இரண்டு சிப்பாயும், கறுப்புக்கு ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும், வெள்ளை வெல்லும். நாலாவது நகர்த்தல் வரை வந்துவிட்டேன். அதற்குப் பிறகு குதிரை எப்படியோ தப்பிவிடுகிறது. நேற்றிரவு மகள் தண்ணி குடிக்கப் போனவள் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, அந்த ஓரத்துச் சிப்பாய் என்னத்துக்கு நிக்குது?" என்று கேட்டாள்.